டிரம்மு தின்ற நட்சத்திரங்கள்

என் மகள் வீட்டில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி வீடு. ஆடு மாடு ஏறி வர வழியில்லை. வேலி பூனைக்காக. ஜரிகை கூடாது, குடலில் சுற்றிக்கொள்ளுமாம். கண்ணாடி உருண்டை கூடாது. மெழுகுவர்த்தியை ஆள் உயரத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. பல்பு ஒயரையெல்லாம் குழாய்க்குள் விட்டாகிவிட்டது. இத்தனையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜின் மேல் ஒட்டி, என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று வேறு கேட்டாள் மகள். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

சிரிக்காதீர்கள், நம் வயதுக்காரர்களே. உங்கள் வீட்டிலும் இப்போது இதே கூத்துதான் நடந்துகொண்டிருக்கும். நம் காலத்தில் நாய் வாசலில் கிடந்தது, பூனை அடுப்படியில் கிடந்தது, யார் இதையெல்லாம் பார்த்தார்கள் என்று சொல்வீர்கள். நாலு பேர் கூடுகிற இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது பொய். எங்கள் வீட்டில் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்ததால்தான் எங்கள் நாய் சாகக் கிடந்தது. இதை இத்தனை வருஷமாக முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தாளைப் படித்ததில் இருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஆம்பூரில், தோல் கம்பெனிகளுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் எங்கள் தெரு. அப்பா ஒரு கம்பெனியில் டிரம் மேஸ்திரி. டிரம் என்றால் மேளம் இல்லை, ஓர் அறை அளவுக்கு இருக்கும் மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் க்ரோம் உப்பையும் உள்ளே போட்டு மூடிச் சுற்ற விடுவார்கள். வெள்ளையாகப் போகும் தோல் மறுநாள் நீலமாக வெளியே வரும். அப்பாவின் நகக்கண்களும் நீலமாகத்தான் இருந்தன. சர்ச்சுக்குப் போகும் முன் எலுமிச்சை மூடியைப் போட்டுத் தேய்ப்பார். போகாது.

அப்படி ஒரு டிரம்முக்கு அடியில் பிறந்தது எங்கள் நாய். அதனால் அதன் பெயரே டிரம்மு. அதன் தாய் கம்பெனியில் சுற்றிக்கொண்டிருந்த நாய். ஒரு நாள் சுண்ணாம்புக் குழியில் விழுந்துவிட்டது. தோலில் இருந்து ரோமத்தைக் கழற்றுகிற சுண்ணாம்பு அது. நாயை என்ன செய்திருக்கும் என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை. குட்டியை மட்டும் டிபன் கேரியர் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

டிரம்மு செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். எங்கள் தெருக்கோடியில் ஒரு தோல் மண்டி இருந்தது. உப்புப் போட்ட பச்சைத் தோல்கள் அங்கே வந்து இறங்கும். காது, வால், ஓரம் எல்லாவற்றையும் வெட்டி வெளியே எறிவார்கள். டிரம்மு தினமும் அங்கே ஒரு நடை போய்விட்டு வரும். வாய் நிறையத் தோலைத் தின்றுவிட்டு, எங்கள் வாசல்படியில் வந்து காலை நீட்டிப் படுக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. தெருவே அதைத் 'தோல்தின்னி' என்று கூப்பிட்டது. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முந்தின வருஷக் கிறிஸ்துமஸில் அது செய்த அட்டகாசத்தைச் சொல்ல வேண்டும். மண் தொட்டியில் நட்டு வைத்த சவுக்குக் கிளையை இழுத்துத் தள்ளியது. பனி என்று நாங்கள் வைத்திருந்த பஞ்சைத் தின்று, சர்ச்சில் இருந்து வந்த பெரியவர்களுக்கு முன்னால் கக்கியது. கண்ணாடி உருண்டையைக் கடித்து நாக்கைக் கிழித்துக்கொண்டது. பல்பு ஒயரை அது மெல்லத் தொடங்கிய நேரத்தில் அப்பா பார்த்துவிட்டார். இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எரிந்துகொண்டிருந்த பல்புகளை அணைத்துவிட்டு, அப்பா சொன்னார்: "இன்னொரு தபா இது எதனா பண்ணுச்சுன்னா, கம்பெனிக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுர்றேன். எனக்கு இந்தப் பேஜார் வேணாம்."

பெரியவர்கள் வாயில் நூறு வார்த்தை வரும். எது சும்மா, எது நிஜம் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனி என்றால் எனக்குச் சுண்ணாம்புக் குழிதான். அந்த வருஷம் முழுக்க அந்தப் பேச்சு எனக்குள் கிடந்தது.

அப்பாவுக்கு அந்தப் பல்பு ஒயர் மனசில் கிடந்திருக்க வேண்டும். மறு வருஷம் டிசம்பர் பிறந்ததுமே கண்ணாடி உருண்டைகளைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பஞ்சு கிடையாது, ஜரிகை கிடையாது. ஒயரைச் சுவர் உயரத்தில் ஆணி அடித்து ஏற்றினார். மெழுகுவர்த்தி அலமாரி உச்சிக்குப் போனது. அம்மா முணுமுணுத்தாள். "நாய்க்காவ பண்டிகைய கொறைச்சுக்கிற ஒரே வீடு இந்தத் தெருவுலயே நம்ம வீடுதான்."

"கொறைக்கல. மாத்தறேன்," என்றார் அப்பா. மறுநாள் கம்பெனியில் இருந்து ஒரு பை நிறையத் தோல் துண்டுகள் கொண்டுவந்தார். செருப்புக்கும் கைப்பைக்கும் போகிற தோல், மேலே தங்க நிறம் ஒட்டியது. வெட்டியதில் மிஞ்சிய ஓரங்கள். பையைத் தரையில் கவிழ்த்ததும் சமையலறை வரை மின்னியது.

"தோல்ல ஸ்டார் பண்ணுவோம். மழ வந்தாலும் நனையாது. கீழ விழுந்தா ஒடையாது. கடிச்சாலும் டிரம்முக்கு அது பொறந்த வீட்டு சாப்பாடு," என்று சிரித்தார். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை, ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தாள். கத்தரி அவள் கையில் தானாக ஓடும். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஐந்து முனையோடு ஐம்பது நட்சத்திரம் வெட்டினாள். நான் ஒவ்வொன்றிலும் ஊசியால் துளை போட்டு நூல் கோத்தேன். பாதியை ஜன்னல் கம்பிகளில் தோரணமாகக் கட்டினோம், பாதியைச் சவுக்கு மரத்தில் தொங்கவிட்டோம். தங்கப் பக்கத்தைத் திருப்பினால் பின்பக்கம் வெளிர் நீலம். அதில் மீன் வாசனை அடித்தது. தோல் மெத்தென்று இருக்க டிரம்மில் மீன் எண்ணெய் ஊற்றுவார்கள். எங்கள் மூக்குக்கே அந்த வாசனை தெரிந்தது. நாயின் மூக்குக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பொறுங்கள், இன்னொன்றைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். ஒருமுறை அவர் தோலுக்குப் பதம் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிரம்மில் இருந்து எடுத்த தோலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார். துண்டை ஒரு அலுமினிய டம்ளர் தண்ணீரில் போட்டு ஸ்டவ்வில் வைத்தார். தளதளவென்று மூன்று நிமிஷம் கொதித்தது. எடுத்து மறுபடி கோட்டின் மேல் வைத்தார்.

"பதம் ஆவலன்னா சுருங்கி அப்பளம் மாதிரி சுருட்டிக்கும். இது பாரு, கோட்டு மேலயே நிக்குது. இனிமே இத எதுவும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அப்பா. அந்தத் தாளில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். ஆயிரக்கணக்கான தோல்களுக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

சரி, டிசம்பருக்கு வருகிறேன். அலங்காரம் முடிந்த நாலாவது நாள் காலையில் ஜன்னலில் ஒரு நூல் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. கீழே தேடினேன், இல்லை. டிரம்மு வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. அதன் மீசையில் ஒரு தங்கப் பொட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அப்பாவின் பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொட்டைப் பாவாடையால் துடைத்தேன். பக்கத்தில் இருந்த நட்சத்திரங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டி இடைவெளியை மறைத்தேன்.

மறுநாள் இன்னொன்று போனது. அதற்கு மறுநாள் மரத்தின் அடிக்கிளையில் இரண்டு. நாயைக் கட்டிப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். நட்சத்திரங்களை மேலே ஏற்றிக் கட்டினால் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் எழும் முன் எழுந்து எண்ணுவேன், மாற்றிக் கட்டுவேன். மரத்தின் பின்பக்கத்தில் இருப்பதை முன்னுக்குக் கொண்டுவருவேன், ஜன்னலின் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் நடத்தும்போது விரல்கள் பெஞ்சுக்கடியில் தானாக எண்ணும். நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு. நாற்பத்தொன்று. அந்த மாதம் எனக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. பண்டிகை வருகிற குஷியில் பிள்ளை பறக்கிறது என்று அம்மா அத்தையிடம் சொன்னாள்.

ஆனால் ஒன்று. தோலைத் தின்றால் டிரம்முக்கு ஏதாவது ஆகும் என்று நான் ஒருநாளும் பயப்படவில்லை. பிடிபட்டால் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்களே என்பது மட்டும்தான் பயம்.

முப்பத்தாறில் எண்ணிக்கை நின்றது. டிரம்முக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நின்றதற்குக் காரணம் வேறு. அது தின்பதையே விட்டுவிட்டது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் நுரையாக வெளியே வந்தது. முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றுக்கடியில் எதையோ மறைப்பதைப்போல நின்றது. மண்டிப் பக்கம் போகவே இல்லை. மண்டிக்காரரே வந்து, "இன்னாம்மா, உங்க தோல்தின்னிய காணோம்?" என்று கேட்டார்.

அம்மா உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தாள். அப்பா விளக்கெண்ணெய் கொடுத்தார். மூன்றாம் நாள் அது எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் அம்மாவுக்கு எலி மருந்து நினைவுக்கு வந்தது.

எங்களுக்கு எதிர்வீட்டில் சாச்சி இருந்தார். வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ். சாச்சி என்றால் அவர்கள் பேச்சில் சித்தி; தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் சாச்சிதான். அவர் கணவர் தோல் வியாபாரமாக ஊர் ஊராகச் சுற்றுவார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அரிசி வைக்கும் அறையில் எலித் தொல்லை என்று சாச்சி இரண்டு வாரத்துக்கு முன் மாவு உருண்டையில் மருந்து வைத்திருந்தார். வைக்கும் முன், "நாய உள்ள விட்டுடாதீங்க அக்கா," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

அம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா வாசலில் இறங்கிவிட்டார். பகல் பதினொரு மணி. தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாய் உங்களுக்கு ஆவாதுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? வாயில்லா ஜீவனுக்கு மருந்து வெக்கணுமா?" என்று அப்பா கத்தினார்.

சாச்சி துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னா அண்ணே இப்டி பேசறீங்க? எலிக்குத்தான் வெச்சேன். அதுவும் உள்ள, பூட்டுன ரூம்ல. அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சேன்."

"சொல்லிட்டு வெச்சா செத்துப்போவாதா?"

"அல்லா மேல சத்தியமா உங்க நாய் எங்க வாசப்படி தாண்டல."

"உங்க வாசப்படிய அது தாண்டினா நீங்க சும்மா விடுவீங்களா? எங்களுக்குத் தெரியாதா?"

அவர்கள் மார்க்கத்தை இழுத்த அந்தக் கடைசிப் பேச்சுதான் பேசக் கூடாத பேச்சு. குழாயடியில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சாச்சியின் முகம் சிவந்தது. நான் எங்கள் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் என்மேல் வந்து ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கே தெருவில் அது 'மருந்து வெச்ச வீடு' ஆகிவிட்டது. குழாயில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எலி மருந்து என்றால் நட்சத்திரம் இல்லை, நட்சத்திரம் இல்லையென்றால் கம்பெனி இல்லை. பத்து வயசு மூளை அப்படித்தான் கூட்டிக் கழித்தது. உண்மையைச் சொன்னால், எலி மருந்தாகவே இருக்கட்டும் என்று நான் ஜெபம்கூடப் பண்ணினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் டிரம்மு தலையைத் தூக்கக்கூட முயலவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் ஒரு ஜட்கா வண்டி கூட்டிவந்தார். கோணிப்பையில் நாயைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுத அழுகையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். குதிரை நகர்ந்த நேரமெல்லாம் நாய் முனகியது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று பெயர். அங்கே நாயோடு வருகிறவர்கள் அபூர்வம். கொம்பும் கயிறுமாக நின்ற மாடுகளுக்கு நடுவில் புகுந்து உள்ளே போனோம்.

டாக்டர் கலவை ஊர்ப் பக்கத்துக்காரர், இளவயது. நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார், ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"எலி மருந்துன்னு யார் சொன்னது?"

"எதிர்வீட்ல வெச்சிருக்காங்க சார்."

"அத தின்னிருந்தா இத்தினி நாள் இழுத்துக்கினு கெடக்காது. உள்ள இன்னாமோ கெட்டியா கட்டியிருக்கு. எதனா முழுங்குச்சா?"

"இல்ல சார். போன வருசம் பட்டதுக்கு இந்த வருசம் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துப் பண்ணோம். கண்ணாடி இல்ல, பஞ்சு இல்ல, ஜரிகை இல்ல…"

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஸ்டார் தின்னுச்சுப்பா."

"எத்தினி?"

"ஒண்ணு… ரெண்டு," என்றேன். எல்லாவற்றையும் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா டாக்டரைப் பார்த்துச் சிரிக்கவே செய்தார். "அது தோலு சார். அது ஒண்ணும் பண்ணாது. தெனமும் மண்டியில தோல் தின்னு வளர்ந்த நாய் இது. உள்ள போனா தன்னால கரைஞ்சிரும்."

"பச்சத் தோலா, பதம் போட்டதா?"

"பதம் போட்டதுதான் சார். க்ரோம்…"

மனிதர்கள் முகம் வெளிறும் என்பதை நான் முதலில் பார்த்தது அன்றுதான். நீல நகங்கள் இருந்த கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு யாரிடமோ வாக்குமூலம் கொடுப்பதுபோலச் சொன்னார்: "கொதிக்கிற தண்ணியிலயே அது சுருங்காது சார். நாந்தான் தெனமும் கொதிக்க வெச்சுப் பாக்கறேன்."

டாக்டர் நாயின் வயிற்றில் இருந்து விரலை எடுத்தார். "வயித்தக் கிழிச்சாத்தான் ஆச்சு. பொழைக்குமான்னு கேக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஊசி போட்டு மயக்கினார்கள். அப்பா உள்ளே நாயின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்கத் தைரியம் இல்லை, போகவும் மனசு இல்லை. பீங்கான் தட்டில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதல் நட்சத்திரம். தங்கம் உரிந்துபோய் நீலமாக இருந்தது. ஐந்து முனையும் அத்தை வெட்டியது வெட்டியபடி இருந்தன. ஒரு முனைகூட மழுங்கவில்லை.

இரண்டு, மூன்று, நாலு. நான் எண்ணினேன். விரல்களுக்கு அது இத்தனை நாள் பழக்கம். பத்து. பதினொன்று. அத்தோடு சத்தம் நின்றுவிட்டது.

"அவ்ளோதான் போல," என்றார் டாக்டர். "ஒண்ணு ரெண்டுன்னு சொன்னீங்க, பதினொண்ணு வந்திருக்கு. தையல் போட்டுரலாமா? இன்னும் இருக்குமா?"

"இருக்காது சார். இதுவே ஜாஸ்தி," என்றார் அப்பா.

எனக்குத் தெரியும், பதினாலு. ஐம்பதில் முப்பத்தாறு போனால் பதினாலு. ஆனால் சரியான எண்ணிக்கையைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. தினமும் எண்ணியவளாக இருக்க வேண்டும். தினமும் எண்ணியவள் என்றால், சாச்சியைத் தெருவில் வைத்து அப்பா கத்தியபோது தூணைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவள். அந்த ஒரு எண்ணில் எல்லாம் வெளியே வந்துவிடும். உள்ளே டாக்டர் நூலை எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு அடி முன்னால் வைத்தேன், பின்னால் வைத்தேன். வாசலில் ஒரு மாடு கத்தியது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "பதினாலு," என்று கத்தினேன். "பதினாலு தின்னுச்சு. இன்னும் மூணு இருக்கு. நான் தெனமும் எண்ணுவேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை யாரோ ஒரு புதுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டாக்டர் நூலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கையை விட்டுத் தேடினார். குடல் தொடங்குகிற இடத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைத்துக்கொண்டிருந்தன. "இத வுட்டுட்டுத் தெச்சிருந்தா நாளைக்கே போயிருக்கும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல வேளம்மா," என்றார். அந்தப் பாராட்டைப்போல என்னைக் கூனிக் குறுக வைத்தது வேறொன்று இல்லை.

டிரம்மு பிழைத்தது. நாலு நாள் கஞ்சித் தண்ணீர், பிறகு சோறு. வயிற்றில் கோணலாக ஒரு தையல். பிறகு ஏழு வருஷம் இருந்தது, மண்டிக்கும் போய் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக ஜன்னலுக்குப் போய் எண்ணினார், பிறகு மரத்தில் எண்ணினார். நான் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்த முடிச்சுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "எண்ணத் தெரிஞ்சுது. சொல்லத் தெரியலையா?" என்று மெதுவாகக் கேட்டார். கம்பெனிக்கு அனுப்பிவிடுவீர்களே என்றுதான் சொல்லவில்லை என்றேன். அவர் சொன்னதே அவருக்கு நினைவில் இல்லை. "நானா? அப்டியா சொன்னேன்?" என்றார். அம்மா ஆமாம் என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் குழாயடியில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தெருவில் இறங்கினார். அன்று கத்திய அதே இடத்தில் நின்று, அதே குரலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தங்கச்சி, தப்பு என்னுது. மருந்தும் இல்ல மண்ணும் இல்ல. நான் கொண்டாந்த தோலுதான். பேசக்கூடாதத பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா." என் பெயரை எடுக்கவே இல்லை. சாச்சி கதவைத் திறந்து, "நாய் பொழச்சுதா அண்ணே?" என்று கேட்டார். பிழைத்துவிட்டது என்றதும், "போதும். வுடுங்க," என்றார்.

அவர்கள் இருவருக்கும் அது அங்கே தீர்ந்திருக்கலாம். எனக்குத் தீரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனையில் உட்கார முடியவில்லை, புதுப் பாவாடை முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். சாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"சாச்சி, டிரம்மு ஸ்டார் தின்னது எனக்கு முன்னாடியே தெரியும். அப்பா உங்கள கத்தும்போதும் தெரியும்."

அவர் முறத்தைத் தட்டிக்கொண்டே, "எனக்கும் தெரியும் பேட்டா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தெனமும் விடியக்காலம் ஃபஜர் தொழுதுட்டு மாடி ஜன்னலத் தொறப்பேன். நீ நின்னுக்கினு ஸ்டார் மாத்தி மாத்திக் கட்டுவே. நாய் வாயத் தொடப்பே. தோலுதானே, தோல்தின்னிக்கு இன்னா ஆவும்னு நானும் நெனச்சுக்கினேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் சாச்சி சொல்லல? உங்கள எல்லாரும் அப்டிப் பேசினாங்களே?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "உங்க அப்பா இருந்த கோவத்துக்கு, சொல்லியிருந்தா தெருவுலயே உன்ன வெளுத்திருப்பாரு. என்னப் பேசுனா ரெண்டு நாள்ல நான் மறந்துருவேன். நாலு பேர் முன்னாடி அடி வாங்கினா நீ மறப்பியா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் குழாயடியில் கூட்டம் கலைகிற வரை குடத்தோடு தள்ளி நின்றுதான் தண்ணீர் பிடித்தார். அன்றைக்கு எனக்கு நாலு அடி விழுந்திருந்தால், வீங்கி, வடிந்து, எப்போதோ மறந்துபோயிருக்கும்.